'டிக்' சத்தம் இல்லாத பெட்டி

நெட்வொர்க் ஆக்சிலரேட்டர் பெட்டிகளோடு குப்பை கொட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். பவர் கேபிளைப் பிடுங்கினால் உள்ளே ஒரு ரிலே 'டிக்' என்று விழும். லேன் (ஆபீஸின் உள்நெட்வொர்க்) பக்கத்து போர்ட்டும் வேன் (வெளியூருக்குப் போகும் லைன்) பக்கத்து போர்ட்டும் நேராக ஒட்டிக்கொள்ளும். பெட்டி செத்தாலும் ட்ராஃபிக் போய்க்கொண்டே இருக்கும். மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பெட்டியை மாட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியதெல்லாம் அந்த 'டிக்'கை நம்பித்தான்.

பெட்டி என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர 100 மில்லி செகண்டாவது ஆகும். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள், சுற்றுவழிகள் எல்லாம் சேர்ந்தால் 200 கூட ஆகும். டேட்டாவை அனுப்பும் டிசிபி முறையில், பதில் வருவதற்குமுன் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவுக்கு விண்டோ என்று பெயர். பழைய விண்டோ அதிகபட்சம் 65,535 பைட். அதை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். 200 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 64 கேபி என்றால் ஒரு கனெக்‌ஷனுக்குச் சுமார் 2.6 எம்பிபிஎஸ்தான் தேறும். லைன் 100 எம்பிபிஎஸ் என்றாலும் அதேதான். விண்டோவைப் பெரிதாக்கும் வழி 1992லேயே ஆர்எஃப்சி 1323 என்ற இணைய விதி ஆவணத்தில் வந்துவிட்டது. ஆனால் பழைய சர்வர்களும், ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி கேட்டு நிற்கும் பழைய ஃபைல் ஷேரிங் முறையும் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடின. பெட்டி இங்கேயே பதிலைச் சொல்லி அனுப்புபவரை ஏமாற்றும். ஒருமுறை போன டேட்டாவை இரண்டு பக்கமும் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை அதன் அடையாள எண்ணை மட்டும் அனுப்பும். அதே பிரசன்டேஷனை ஒரு வரி மாற்றித் திரும்ப அனுப்பினால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

பிறகு விர்ச்சுவல் வந்தது. தனிப் பெட்டிக்குப் பதில், பொது சர்வரில் மென்பொருளாக ஓடும் வி.எம். (விர்ச்சுவல் மெஷின்). "ஒரு வி.எம். தானே, அரைமணி நேர வேலை" என்றார் மேனேஜர். இன்ஸ்டால் செய்ய அரைமணி நேரம் என்பது உண்மைதான்.

இந்தச் சாதனத்துக்கு உயிர் டிஸ்க்கில் இருக்கிறது. டேட்டா துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிப் படிப்பதுதான் அதன் முழுநேரத் தொழில். சொந்தப் பெட்டியில் அந்த டிஸ்க் அதற்கு மட்டுமே. விர்ச்சுவலில், இருபது வி.எம். பங்குபோடும் ஸ்டோரேஜில் ஒரு மூலை. எங்களிடம் தினமும் நள்ளிரவு ஒரு மணிக்கு வேகம் படுத்துவிடும், இருபது நிமிடத்தில் தானே எழுந்துகொள்ளும். மூன்று வாரம் லைனைச் சந்தேகித்தோம். கடைசியில் காரணம் பேக்கப் டீம். எல்லா வி.எம்.மையும்போல இதையும் ராத்திரி ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல பேக்கப் எடுக்க என்ன சார் இருக்கு? வெறும் கேஷ்தானே, தற்காலிகமா வச்சிருக்கிற டேட்டா, போனா தானா திரும்ப ரொம்பிக்கும்" என்றேன்.

"லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, எடுத்தோம்" என்றார் அவர். அவர்மேல் தப்பே இல்லை. லிஸ்ட்டில் பேர் போகும் என்று யோசிக்காதது நான். அதுவரை என் பெட்டி எந்த லிஸ்ட்டிலும் இருந்ததில்லை. ராக்கில் இருந்தது, சாவி என்னிடம் இருந்தது. இப்போது டிஸ்க் ஒருவருடையது, சிபியு இன்னொருவருடையது, விர்ச்சுவல் ஸ்விட்ச் மூன்றாமவருடையது. கம்ப்ளெயின்ட் வந்தால் மட்டும் என்னுடையது. சிபியுவையும் மெமரியையும் ரிசர்வ் செய்து வாங்குவதற்குள் நான் எழுதிய மெயில்களைச் சேர்த்தால் ஒரு மேனுவல் தேறும்.

ஆனாலும் அந்தக் கட்டத்தில் ரவுட்டர் என் பக்கம் இருந்தது. பாலிசி ரவுட்டிங்கில் ட்ராஃபிக்கை வி.எம்.முக்குத் திருப்பி, அது பதில் சொல்கிறதா என்று ரவுட்டரே பார்த்துக்கொள்ளும்படி வைத்தோம். பதில் நின்றால் பழைய பாதை. ஏறக்குறைய 'டிக்'.

க்ளவுடில் அதுவும் போயிற்று. அங்கே ரூட் டேபிள் என்று ஒன்று இருக்கிறது. இந்த நெட்வொர்க்குக்குப் போக வேண்டியதை இந்த இன்டர்ஃபேஸிடம் கொடு என்று ஒரு வரி எழுதலாம். கேபிள் இல்லை, கேபிள் மட்டத்தில் நடுவில் புகுந்துகொள்ளும் லேயர் 2 தந்திரம் எதுவும் எடுபடாது. தனக்கல்லாத முகவரிக்குப் போகும் பாக்கெட்டை ஒரு வி.எம். கைமாற்றிவிடுவதையே தளம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். அந்தச் சோதனையை நீக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பாதி இதிலேயே போனது. போகட்டும், டாக்குமென்ட்டில் இருந்ததைப் படிக்காத தண்டனை.

மீதிப் பாதியில் இன்னொன்று. எல்லா விளக்கும் பச்சை, லைசென்ஸ் சரி, ஆனால் ரிப்போர்ட்டில் ஆப்டிமைசேஷன் பூஜ்யம். ட்ராஃபிக் முழுவதும் சும்மா கடந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பாக்கெட் கேப்ச்சர் எடுத்து ஒரே சின் பாக்கெட்டை (கனெக்‌ஷனைத் திறக்கும் முதல் பாக்கெட்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஒரு கூட்டாளி இருக்கிறானா என்று கேட்பதற்கு எங்கள் சாதனம் டிசிபியில் 76ஆம் எண் ஆப்ஷனை ஒட்டி அனுப்பும். இங்கிருந்து கிளம்பும்போது அது இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது அதே இடத்தில் 01, 01, 01 என்று வரிசையாக வெற்று நிரப்பி. நடுவில் இருந்த ஃபயர்வால், தெரியாத ஆப்ஷன் என்று துடைத்து அனுப்பியிருக்கிறது. அதன் கோணத்தில் அது செய்தது சரியே. கூட்டாளியின் முகவரியைக் கையால் எழுதிக் கொடுத்ததும் ஓட ஆரம்பித்தது.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஆக்சிலரேஷன் ப்ராசஸ் தொங்கிவிட்டது. வி.எம். சாகவில்லை. கன்சோலில் 'ஓடுகிறது', 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அடித்தால் பதில் வருகிறது. ஆனால் உள்ளே போன பாக்கெட் எதுவும் வெளியே வரவில்லை. ரூட் டேபிளுக்கு இதெல்லாம் தெரியாது. எழுதிவைத்த வரிப்படி எல்லாவற்றையும் கொண்டுபோய் அதனிடமே கொட்டிக்கொண்டிருந்தது. லைன் நலம், சர்வர் நலம். நான் வைத்த சாதனம் ஒன்றால்தான் யாராலும் வேலை செய்ய முடியவில்லை.

போனில் ஒருவர் கத்தவில்லை, நிதானமாகச் சொன்னார்: "முன்னாடி ஃபைல் மெதுவா வந்துச்சு சார். இப்ப வரவே மாட்டேங்குது. நீங்க அந்த மெதுவையே குடுத்துடுங்க." அன்று வாங்கியதிலேயே உறைத்தது இதுதான். ரூட் டேபிளில் அந்த ஒரு வரியை நீக்கியதும் எல்லாம் வந்துவிட்டது. அந்த வரியைக் கண்டுபிடிக்க இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

பிறகு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். பிங் அடிக்காது. சாதனத்தின் வழியாகவே ஒரு உண்மையான டிசிபி கனெக்‌ஷனைத் திறந்து, கொஞ்சம் டேட்டா அனுப்பிப் பதில் வாங்கிப் பார்க்கும். மூன்று முறை தொடர்ந்து தோற்றால் ரூட் டேபிளை நேர்ப்பாதைக்கு மாற்றிவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பும். திரும்ப மாற்றுவதை மட்டும் வேண்டுமென்றே மனிதர் கையில் விட்டோம். ஸ்கிரிப்ட் ஓடும் வி.எம். செத்தால் என்ன என்று டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். க்ளவுடின் வேறு ஸோனில் (தனி டேட்டா சென்டர் பகுதியில்) இரண்டாவது ஒன்று வைத்தோம். அது அவள் கேள்விக்குக் கிடைத்த முழுப் பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

இப்போது அந்தச் சாதனங்களுக்கு வேலை குறைந்துவிட்டது. பெரும்பாலான ட்ராஃபிக் என்க்ரிப்ட் ஆகித்தான் வருகிறது. சான்றிதழைக் கொடுத்துத் திறக்க அனுமதிக்காதவரை அதில் சேமிக்க ஒன்றுமில்லை. மீதமிருப்பது இரவில் டேட்டாவை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனும் சில பழைய ஃபைல் சர்வர்களும்தான். ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆக்சிலரேஷன் ப்ராசஸை நானே உறையவைத்துவிட்டு, இன்னொரு விண்டோவில் எதிர்முனை சர்வருக்குப் போகும் பிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல்முறை நாற்பது பிங் போனது. போன மாதம் பதினொன்று. பன்னிரண்டாவதற்குப் பதில் வந்ததும் போனில் மெசேஜ் விழுந்தது. அதற்கு நான் வைத்திருக்கும் டோன், ஒரு ரிலேயின் 'டிக்'.