120 வோல்ட் கருவியும் 60 ஹெர்ட்ஸ் சிக்கலும்

அமெரிக்காவில் விற்பனையான பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்று என் கைக்கு வந்தது. பின்புறத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்ததில் முதல் எண்ணை மட்டுமே நான் பொருட்படுத்தினேன். என் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்து, மல்டிமீட்டரில் 120 வோல்ட்டைப் பார்த்த நிறைவோடு இசைத்தட்டைச் சுழலவிட்டேன். நான்கு கட்டையில் பாடியிருந்தவர் இரண்டு கட்டைக்கு இறங்கி, உறக்கத்தில் பாடுபவரைப் போல இழுத்தார்.

டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, ஹெர்ட்ஸில் அளக்கும் அதிர்வெண்ணைத் தொடாது. அந்தக் கருவியிலிருந்த சின்க்ரோனஸ் மோட்டாரின் வேகமோ அதிர்வெண்ணை மட்டுமே சார்ந்தது. எனவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய தட்டு ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுழன்றது. மோட்டார் தண்டிலுள்ள கப்பியைக் கழற்றி, அதைப்போல 1.2 மடங்கு விட்டமுள்ள கப்பியைக் கடைந்து பொருத்திய பின்பே சுருதி சரியானது.

அதனுடன் வந்த ஆம்ப்ளிஃபயரில் சிக்கல் வேறு வகையானது. அதனுள்ளே 60 ஹெர்ட்ஸுக்கென அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மரை அதே 120 வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், அதன் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடி, உள்ளகம் அதற்கு மேல் காந்தப்பாயத்தை ஏற்க இயலாத தெவிட்டு நிலையை நெருங்கிச் சூடாகும், உறுமும். அதற்கு 100 வோல்ட் மட்டும் தந்தால் பாயம் பழைய அளவுக்கே திரும்பும். ஒலியின் வலிமை சற்றுக் குறைந்தாலும் எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட சார்ஜர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. பிளக்கின் வடிவத்தை மாற்றினால் போதும். ஆனால் அதே பிளக் அடாப்டரை நம்பி 120 வோல்ட் ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால், சூடேற்றும் கம்பி ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலான மின்திறனை இழுத்து நொடிகளில் கருகும். மின்னலையை நறுக்கிக் கொடுக்கும் கையடக்கக் கன்வர்ட்டர்கள் அத்தகைய சூடேற்றிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆம்ப்ளிஃபயரை அவற்றில் இணைக்கக் கூடாது.

நான் வாங்கியது ஒரே சுருளைக் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்பதைப் பின்னர்தான் கண்டுகொண்டேன்: உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மீட்டர் தொடர்ச்சி காட்டியது. குறைந்த வோல்ட் பக்கத்தையும் அது மின்தொகுப்பிலிருந்து பிரித்துவைக்காது என்பதால், கருவியைத் திறக்கும்போதெல்லாம் சுவர் பிளக்கையே முதலில் கழற்றிவிடுகிறேன்.