மதுபானசாலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்: பக்கத்து வீட்டார் எதைப் பார்க்க வேண்டும்

திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் சூடுபிடித்தால், மதுபானசாலையை இரவு இன்னும் ஒரு மணித்தியாலம் திறந்து வைக்கலாமா என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். அயல் முழுக்க வேண்டாம் என்று நிற்கும், கடைக்காரர் ஒரு மணித்தியாலம்தானே என்பார். இரண்டு பக்கமும் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு இழுபடுவதால் ஒன்றும் தீராது. அந்த மேலதிக நேரத்தில் எந்தச் சத்தம் எந்த வழியால் யாருடைய படுக்கையறைக்குள் போகிறது என்று பார்த்தால்தான் பேச இடம் வரும். அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்கள் எட்டு, ஒன்பது மணிக்கே படுக்கும் ஊர் இது.

இலங்கைச் சட்டத்தில் இரண்டு பாதைகள் உண்டு, பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். விற்பனை நேரத்தை உரிமத்தின் வகையைப் பொறுத்து மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழான வர்த்தமானி அறிவித்தல் தீர்மானிக்கிறது. கடைக்காரர் தன் விருப்பத்துக்கு நீட்ட முடியாது. ஆனால் அந்த உரிமம் குடிவகை விற்கத்தான், பாட்டுப் போட அல்ல. சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் தனியாக இருக்கின்றன. அதில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கி காலை 6 மணி வரை நீளும். பிரதேச சபை எல்லைக்குள் இரவு உச்சவரம்பு 45 டெசிபெல், நகர, மாநகர சபை எல்லைக்குள் 50. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் எங்கும் 45தான். அளக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு யன்னல் அல்ல, சத்தம் எழும் வளவின் எல்லை. குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வரும் நிலாவெளியில் வரம்பை மீறும் அதே சத்தம், திருகோணமலைப் பட்டினத்துக்குள் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம். ஆகவே உங்கள் வளவு எந்தச் சபைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். இதற்கு மேலாக, 2007இல் அஷிக் எதிர் பந்துல வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நேரம் நீட்டப்பட்டாலும் ஸ்பீக்கர் கூடவே நீளாது.

வீட்டுக்குள் நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த அதிர்வொலிதான். ஒழுங்குவிதி சொல்லும் டெசிபெல் ‘ஏ’ அளவுகோலில் அளக்கப்படுவது. அது 63 ஹேர்ட்ஸ் ஒலியிலிருந்து 26 டெசிபெல்லைக் கழித்துவிடும். மீற்றரில் 45 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும்போதே கட்டில் சட்டம் அதிரக் காரணம் இதுதான். அதனால் பேஸை இவ்வளவு கழிக்காத ‘சி’ அளவுகோலிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 15, 20 டெசிபெல் வித்தியாசம் வந்தால் பிரச்சினை பேஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த 63 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீற்றர் அளவில் வரும். சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஸ்பொஞ்சும் முட்டைத் தட்டும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பாரம்தான் மறிக்கும்: சுவரின் பாரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். கிடுகுக்கும் தகரத்துக்கும் அந்தப் பாரம் இல்லை, பக்கச் சுவர் இல்லாத கொட்டிலுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. ஸ்பீக்கரைக் கடல் பக்கம் திருப்பிவிட்டோம் என்று சொல்வார்கள். உயர் சுரங்கள் திரும்பும், பேஸ் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிப் பரவும்.

கடைக்காரர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, முக்கால்வாசிக்குப் பெரிய செலவும் இல்லை. பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரை நிற்பாட்டி, 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டும் வடிகட்டியை அம்பிளிஃபயரில் போடலாம். மூலையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்து முழுக் கொட்டிலையும் நிரப்புவதை விட, மேசைகளுக்குக் கிட்டச் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றை மெதுவாக ஒலிக்கவிடுவது நல்லது. ஸ்பீக்கரைச் சுவரில் நேரடியாக அறையாமல் றப்பர் துண்டு வைக்க வேண்டும். சத்தம் குறித்த அளவைத் தாண்டாமல் மறிக்கும் லிமிற்றர் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், திறப்பு டிஜேயிடம் இருக்கக் கூடாது. குளிரூட்டிய மண்டபமாக இருந்தால் வாசலில் இரட்டைக் கதவு: ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி நடுவில் இரண்டு மீற்றர் அளவில் இடைவெளி, இரண்டிலும் தானாக மூடும் கருவி. புகைக்கப் போகிறவர் கல்லை வைத்துக் கதவைத் திறந்து வைத்தால் அத்தனை செலவும் வீண். இரட்டைக் கதவு தோற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கடற்கரைக் கடைக்கு மேற்கே வீடுகள் இருந்தால், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சத்தம் கடலுக்குப் போய்விடும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கியதும் அதே அளவுச் சத்தம் வீட்டுக்குள் வரும். ஓகஸ்டில் அளந்துவிட்டு வருடம் முழுதுக்கும் சரி என்று யாரும் கையெழுத்து வைக்கக் கூடாது. காற்றே இல்லாத தெளிந்த இரவில் நிலத்தோடு ஒட்டிய குளிர்ந்த காற்று சத்தத்தைக் கீழே வளைத்துவிடும், அப்போது தூரத்து வீட்டுக்கும் கேட்கும்.

மூடிய பிறகான அரை மணித்தியாலம் பாட்டை விடப் பொல்லாதது. ஒழுங்கையில் கூடி நின்று கதைப்பது, ஓட்டோ ஹோர்ன், மோட்டார் சைக்கிளை முறுக்குவது, கடைசியாக வெற்றுப் போத்தல்களைப் பெட்டிக்குள் கொட்டுவது. போத்தல் கொட்டுவதைக் காலை 7 மணிக்குத் தள்ளச் சொல்லுங்கள். கடைசி ஓடருக்கும் மூடுவதற்கும் நடுவில் 30 நிமிடம் வேண்டும், அந்த நேரத்தில் பாட்டு இறங்கி வெளிச்சம் கூட வேண்டும். ஓட்டோக்கள் பிரதான வீதியில் நிற்கட்டும், ஒழுங்கைக்குள் வரக் கூடாது. மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேற்றரும் சமையலறைப் புகைபோக்கி விசிறியும் எந்த வீட்டுப் பக்கம் பார்க்கின்றன என்பதையும் கேளுங்கள்.

அளக்கும்போது மீற்றரை நிலத்திலிருந்து 1.2 முதல் 1.5 மீற்றர் உயரத்தில், சுவர்களிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளிப் பிடித்து 15 நிமிடச் சராசரி எடுங்கள். பாட்டு நின்ற பிறகு அதே இடத்தில் இன்னொரு முறை எடுங்கள். கடற்கரையில் அலைச் சத்தமே 45ஐத் தாண்டிவிடலாம், அதனால் இரண்டாவது எண் இல்லாத முறைப்பாடு நிற்காது. பாட்டோடு 53, பாட்டில்லாமல் 50 என்றால் பாட்டின் பங்கு 50. வித்தியாசம் 3க்குக் கீழே என்றால் பிரித்துச் சொல்ல முடியாது. கைத்தொலைபேசிச் செயலி நிலைமையை அறிய உதவும், பேஸை அளக்க அதை நம்ப வேண்டாம்.

உரிமங்கள் டிசம்பர் 31உடன் முடிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. ஆட்சேபக் கடிதம் ஒக்டோபரிலேயே பிரதேச செயலாளருக்கும் மதுவரி அத்தியட்சகருக்கும் போக வேண்டும், பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி. திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் கேட்டது, யன்னல் திறந்ததா பூட்டியதா என்ற குறிப்பை அதனுடன் இணையுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை நீக்க நீதவான் கட்டளையிடலாம். அங்கும் இந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும். கடைக்காரர் இணங்கி வந்தால் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள், ஒரு சீசனுக்கு மட்டும், இரவில் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தோடு. வாடை மாதத்தில் ஒருமுறை அளந்து பார்க்காமல் அடுத்த வருடத்துக்கு நீட்டச் சம்மதிக்க வேண்டாம்.