காப்பி எடுக்க வேண்டாமா, அக்கா?

மொரீஷியஸில், எபென் அலுவலகத்தில் அன்று என் திரையில் இருந்த நிரலில் விரல் வைத்து, கூட வேலை செய்யும் தம்பி கேட்டான்: "அக்கா, இதைக் காப்பி எடுக்க வேண்டாமா?" ரோஸ் ஹில் பையன், கோவில் வகுப்பில் தமிழ் படித்தவன். என்னிடம் தமிழில்தான் பேசுவான்.

லிப்பீகேப் (libpcap) என்பது நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துத் தரும் நூலகம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது நம் கால்பேக்கை, அதாவது நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை, கூப்பிட்டு ஒரு பாயிண்டரைத் தரும்: தரவு அல்ல, அது இருக்கும் நினைவக முகவரி. அதை அப்படியே வரிசையில் போட்டு, வேறொரு திரெட் (இணையாக ஓடும் இன்னொரு வேலை) அப்புறம் படிப்பதாக எழுதியிருந்தேன். "வேண்டாம்பா, ஒவ்வொன்றுக்கும் மெம்காப்பி போட்டால் வேகம் போய்விடும்" என்றேன். தரவை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் கட்டளை அது. அவன் பக்கம் திரும்பவில்லை.

சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. லினக்ஸில் பாக்கெட்டுகள் ஒரு வளைய பஃபரில், அதாவது சுற்றிச் சுற்றி எழுதப்படும் நினைவக இடத்தில், வந்து விழுகின்றன. வரத்து குறைவென்றால், படித்து முடித்த இடத்தின் மேல் மறுபடி எழுத நேரமாகும். பழைய பைட்டுகள் அதுவரை அங்கேயே கிடக்கும். அதைப் பார்த்து யாரும் ஏமாறுவார்கள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கால்பேக் முடிந்தபின் அந்தத் தரவு செல்லுபடியாகும் என்று உறுதியில்லை, வேண்டுமென்றால் காப்பி எடுத்துக்கொள் என்று மேனுவலில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை திறந்திருக்கிறேன்.

வாடிக்கையாளரின் நெட்வொர்க்கில் நெரிசல் நேரத்தில் வளையம் வேகமாகச் சுற்றியது. கணக்குப் பிரிவில் ஒருவருடைய கணினி பெரிய பெரிய பாக்கெட்டுகளை வெளியே அனுப்புவதாக எங்கள் அறிக்கை சொன்னது. இரண்டு நாள் அவர்மேல் சந்தேகம். ஒரு பதிவை ஹெக்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஈதர்நெட் தலைப்பின் 14 பைட் தாண்டி ஐபி தலைப்பு 45 என்று, எப்போதும் போல ஒழுங்காகத் தொடங்கியது. அதில் இருந்த மொத்த நீளம் 05 டிசி, அதாவது 1500 பைட். பாக்கெட்டோடு லிப்பீகேப் தரும் ஹெடரை நான் எடுத்து வைத்திருந்தேன்; அதிலோ கேப்லென் (பிடித்த நீளம்), லென் (உண்மை நீளம்) இரண்டும் 60. ஒரு பாக்கெட்டின் ஹெடர், இன்னொன்றின் உடல். சின்னது என்பதால் ஹெடரை மட்டும் காப்பி எடுத்திருந்தேன்.

கூட்டம் கிரியோலில் நடந்தது. "நு" கவனிக்கவில்லை என்றேன். அந்த மொழியில் நாம், நாங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். யாரையும் தனியாகக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன், நிஜமாகவே. ஆனால் கவனிக்காதது நான் ஒருத்தி. அவன் கவனித்தான், கேட்டான். தமிழில் சொல்லியிருந்தால் "நாங்கள்" என்று வாய் வந்திருக்குமா? எதிரே உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

மெம்காப்பி சேர்த்து அளந்தேன். வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

திருத்தத்தை அவனே எழுதினான்: மல்லாக்கில் இடம் ஒதுக்கி, மெம்காப்பியில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் ஃப்ரீயில் இடத்தை விடுவது. கமிட்டில், அதாவது திருத்தத்தோடு பதியும் குறிப்பில், காரணம் என்ற இடத்தில் பாயிண்டரின் ஆயுள் பற்றி ஒரு வரி. முன்பே என்னிடம் கேட்டதைப் பற்றி ஒன்றும் இல்லை. மரியாதைக்காக விட்டானா, இனி இவரிடம் சொல்லி என்ன என்று விட்டானா?

அதற்கப்புறம் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, தைப்பூசத்துக்கு முதல் நாள் சீக்கிரம் கிளம்பலாமா என்பதுதான்.