காங்கேயத்து உதயத்துக்கு ஒரு பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் நாழிகை, விநாடியில் அச்சாகியிருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். அதை எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. எந்த ஊர் உதயம்? இதைக் கேட்க ஆரம்பித்ததில்தான் இந்த வேலை வளர்ந்தது. காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கென்று, எங்கள் ஊர் உதயத்தை வைத்து, பஞ்சாங்கப் பக்கங்களை நானே கணக்குப் போட்டு எழுதி வருகிறேன். பங்குனியில் தொடங்கியது. இதுவரை எங்கே வந்திருக்கிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

பங்குனி: உதயமும் சோளத்தட்டும்

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு ரேகையை வைத்தது. காங்கேயம் ஏறக்குறைய 77.6 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக நம் வெயிலுக்கும் கடிகாரத்துக்கும் கிட்டத்தட்ட 20 நிமிட வித்தியாசம். சென்னையை விட நமக்கு ஏறத்தாழ 11 நிமிடம், அதாவது 27 விநாடி தாமதம் (பஞ்சாங்க விநாடி என்பது 24 நொடி). கோவைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடும்.

இது சின்ன வித்தியாசம்தானே என்று விடலாம். ஆனால் ராகு காலத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று எல்லோருக்கும் மனப்பாடம். அது காலை 6 மணிக்கு உதயம், பகல் 12 மணி நேரம் என்று வைத்துச் சொல்வது. தை மாத நடுவில் எங்கள் ஊரில் சூரியன் எழுவது 6.44 வாக்கில். பகல் 12 மணி நேரம்கூட இருக்காது. பகலை எட்டாகப் பிரித்து இரண்டாம் பங்கை எடுத்தால் 8.11க்குத் தொடங்கி 9.38க்கு முடிகிறது. 7.30க்கு அவசரமாக வண்டியை நிறுத்துகிறவர், 9க்குக் கிளம்பிவிட்டால், உண்மையான ராகு காலத்தின் கடைசி 38 நிமிடம் பயணத்தில்தான் இருப்பார். பார்ப்பது என்று ஆகிவிட்டால் சரியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதனால் முதலில் வருடம் முழுவதற்கும் எங்கள் ஊர் உதயம், அஸ்தமனம், அகஸ் (பகலின் நீளம்) மூன்றையும் எழுதி முடித்தேன்.

அப்புறம் ஒரு பழைய முறையைக் களத்தில் செய்து பார்த்தேன். கடிகாரம் இல்லாத காலத்தில் துரும்பை வைத்து நாழிகை சொல்வார்கள். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு சோளத்தட்டை நறுக்கி, ஒரு பாகம் தரையில் கிடக்க, மறு பாகம் செங்குத்தாக நிற்க, மடக்க வேண்டும். நிற்கும் பாகத்தின் நிழல், கிடக்கும் பாகத்தின் நுனியில் சரியாக முடிகிற மாதிரி மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் நிற்பது எத்தனை விரற்கடையோ, உதயமாகி அத்தனை நாழிகை. தட்டு ஓரளவு காய்ந்திருக்க வேண்டும். பச்சைத் தட்டு மடித்த இடத்தில் நிமிர்ந்துகொள்கிறது, முழுக்கக் காய்ந்தது ஒடிந்துவிடுகிறது.

அன்று உதயம் 6.20 வாக்கில். 8.20க்கு 5 நாழிகை இருக்க வேண்டும், தட்டு ஐந்தேமுக்கால் காட்டியது. 9.20க்கு ஏழரை வரவேண்டிய இடத்தில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 10.20க்குப் பத்து, தட்டும் பத்து! உச்சியில் மட்டும் பதினைந்துக்குப் பதில் பதின்மூன்றரைதான் நின்றது. பங்குனியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இல்லாமல் தெற்கே கொஞ்சம் சாய்ந்திருப்பதுதான் காரணம். சித்திரை முதல் வாரத்தில் மறுபடி செய்தபோது உச்சியில் நிழலே விழவில்லை, தட்டு முழுக்க நிமிர்ந்து நின்றது. 11 பாகை அட்சத்தில் இருக்கும் ஊர்களுக்குச் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் இப்படி நடக்கும். காலை ஏழு நாழிகை முதல் பன்னிரண்டு வரை ஒரு தட்டு இவ்வளவு நெருக்கமாக நேரம் சொல்வது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சித்திரை, வைகாசி: வாக்கியம்

உதயம் கைக்கு வந்ததும் திதிக்கு இறங்கினேன். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. ஆக இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியில்தான் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளும் பிரிகின்றன.

திருக்கணிதத்துக்கு இன்றைய வானியல் அட்டவணைகள் இருக்கின்றன. விஞ்ஞானி மேகநாத சாகா தலைமையிலான குழு 1955இல் அறிக்கை தந்து, 1957 முதல் அரசின் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் வருகிறது. ஒப்பிட அது போதும். அதில் நான் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

வாக்கியத்தில்தான் கை நிறைய வேலை. கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று முதலில் எண்ண வேண்டும். 18 லட்சத்து 72 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. அதிலிருந்து முதலில் ஒரு பெரிய தொகையைக் கழித்து, மிச்சத்தை 12372ஆலும், அதன் மிச்சத்தை 3031ஆலும், அதன் மிச்சத்தை 248ஆலும் வகுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நிற்கும் எண் 248க்குள் இருக்கும். அதுதான் வாக்கிய எண். 248 நாளில் சந்திரன் பூமிக்குக் கிட்டே வந்து தூரம் போகும் சுற்றை ஏறக்குறைய ஒன்பது முறை முடித்துவிடுகிறது. அதனால் 248 நாளுக்கு ஒரு தரம் அதே நடை திரும்ப வரும்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன சமஸ்கிருதத் தொடர். வரருசி பெயரில் வழங்குபவை இவை. முதல் நாளுக்கு ‘கீர்ந: ச்ரேய:’. எழுத்துகளை எண்களாக்கும் கடபயாதி முறையில் க வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து படித்தால் 1203. அதாவது சந்திரன் நகர்ந்தது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). இரண்டாம் நாளுக்கு ‘தேநவ: ஸ்ரீ:’, 24 பாகை 9 கலை. கடைசி நாளில் 27 பாகை 44 கலைக்கு வந்து நிற்கும். அட்டவணையைத் தொடராக்கி மனத்தில் வைத்துக்கொண்டார்கள். எண்ணை மறந்துவிடலாம், தொடரை மறக்க மாட்டோம். முதல் சில தொடர்கள் எனக்கே இப்போது பார்க்காமல் வருகின்றன.

இதில் வரும் இடம் உஜ்ஜயினி ரேகைக்கு உரியது. அது 75.8 பாகை. நாம் அதற்கு இரண்டு பாகைக்குள் கிழக்கே இருப்பதால் ரேகை வித்தியாசத்துக்கான தேசாந்தரத் திருத்தம் 18 விநாடியோடு முடிந்துவிடுகிறது. கொங்கு நாட்டில் உட்கார்ந்து வாக்கியம் போடுகிறவருக்கு இது ஒரு வசதி.

வகுத்தலைக் கால்குலேட்டர் இல்லாமல் புளியங்கொட்டை வைத்தும் செய்து பார்த்தேன். 1825இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, கணக்கை முடித்தாராம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. ஏட்டையும் தாளையும் தொடாமல் ஒருவர் இதைச் செய்தார் என்பதை, புளியங்கொட்டையோடு ஒரு மாலைப்பொழுது கழித்த பிறகுதான் என்னால் முழுதாக மதிக்க முடிந்தது.

ஆனி முதல்: அஷ்டமி

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது ஒன்று கண்ணில் பட்டது. அமாவாசை, பௌர்ணமியில் வாக்கியமும் திருக்கணிதமும் நெருங்கி வருகின்றன. அஷ்டமி பக்கம் போகப் போக இடைவெளி வீங்குகிறது. சில மாதம் ஒன்றுமே இல்லை, சில மாதம் 5 மணி நேரம் வரை. பிறகு மறுபடி வற்றுகிறது.

காரணம் இருக்கிறது. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. அதற்கு வாக்கியம் தரும் திருத்தம் அதிகபட்சம் 5 பாகைதான். அமாவாசை, பௌர்ணமிக்கு அது போதும். ஆனால் சூரியனின் இழுப்பால் அரைநிலா நேரத்தில் அந்தத் திருத்தம் ஏழரை பாகை வரை தேவைப்படும். பழைய கணிதர்கள் தங்கள் எண்களைச் சரிபார்த்தது கிரகணங்களை வைத்து. கிரகணம் வருவதோ அமாவாசை, பௌர்ணமியில் மட்டும். அதனால் அங்கே கணக்கு இழைந்து நின்றது. நம் நாட்டில் இந்த இரண்டாவது திருத்தம் தெரியாமலும் இல்லை. 932இல் முஞ்ஜாளர் என்ற கணிதர் அதைத் தன் நூலில் தந்திருக்கிறார். வாக்கிய மரபு அதை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தாளில் தெரிந்ததை வானத்தில் பார்க்க வேண்டுமென்று ஆசை. ஆசாரியிடம் சொல்லி மூன்றடிக் கை வைத்த பெரிய மூலைமட்டம் ஒன்று செய்து வாங்கினேன். அஷ்டமியின் நடுவில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே சரியாக 90 பாகை. வளர்பிறை அஷ்டமி சாயங்காலத்தில் சூரியன் மேற்கே இறங்கும்போது அரைநிலா உச்சி வானத்தில் நிற்கும். மட்டத்தின் ஒரு கையைச் சூரியனுக்கு நேராக, அதன் நுனி ஆணியின் நிழல் மூலையில் விழுகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். அப்படியே உருட்டி, மறு கை வழியாக நிலாவைப் பார்க்க வேண்டும். அந்தக் கை நுனியில் ஒரு குறுக்குச் சட்டம், அதில் 8 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. மூன்றடித் தூரத்தில் அது அரைப் பாகை, அதாவது ஒரு நிலா அகலம். நிலா சூரியனை விட்டு விலகும் வேகமும் மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகைதான். ஆக ஒரு கோடு ஒரு மணி நேரம்! நிலா நடுக்கோட்டைத் தாண்டிக் கிழக்கே இருந்தால் அஷ்டமியில் பாதி முடிந்துவிட்டது. மேற்கே இருந்தால் இன்னும் இருக்கிறது.

நிலா சூரியப் பாதைக்கு வடக்கே தெற்கே ஐந்து பாகை தள்ளியிருந்தாலும், 90 பாகையில் மட்டும் அது இந்த அளவைக் கெடுக்காது. தலைக்கு மேல் இருப்பதால் பார்க்கும் இடத்தால் வரும் இடமாற்றுத் தோற்றப் பிழையும் மிகக் குறைவு. சூரியன் அடிவானத்தைத் தொடும் முன்பே பார்த்துவிட வேண்டும், தொட்ட பிறகு காற்று அதை அரைப் பாகை தூக்கிக் காட்டும். களத்து மேற்குப் பக்கம் திறந்த வெளி என்பதால் எனக்கு இது சுலபமாக அமைந்தது. மட்டத்தைப் பிடிக்க ஒருவர், பார்க்க ஒருவர் வேண்டும்.

இரண்டு பஞ்சாங்கமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேறுபட்ட ஓர் அஷ்டமியில் நிலா நடுக்கோட்டைத் தாண்டி ஒரு கோட்டளவு போயிருந்தது. திருக்கணிதம் சொன்ன இடம் அது. வாக்கியப்படி அது நடுக்கோட்டுக்கு மூன்று கோடு இந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும். நான்கு நிலா அகலம் என்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம்.

எங்கள் ஊரில் வாக்கியம் பார்த்து நாள் குறிக்கும் பெரியவரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். “அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் கிரகணத்துக்கும் வாக்கியம் கை விட்டதில்ல கண்ணு. நீ சொல்ற பிசகு அட்டமி, நவமியிலதான வருது? அன்னிக்கு நம்ம சனம் நல்ல காரியமே வெக்கறதில்லையே” என்றார்.

நான் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பெரிய பிசகு விழும் நாள்களில் முகூர்த்தமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் சஷ்டியும் ஏகாதசியும் அந்த வீக்கத்துக்குள்தான் வருகின்றன. இரண்டும் விரத நாள்கள். ஒரே தெருவில் இரண்டு வீடு இரண்டு நாளில் பட்டினி இருப்பது இதனால்தான். விரதத்துக்கு நான் திருக்கணிதத்தின் பக்கம். கோயில் வாக்கியத்தைப் பின்பற்றினால் கோயில் காரியத்துக்குக் கோயில் சொல்வதே சரி என்றும் நினைக்கிறேன், ஊர் கூடி எடுக்கும் நாள் அது.

மாதப் பிறப்பு

இது சுருக்கமாக. கொங்கில் ஒரே ஊருக்குள் இரண்டு புத்தாண்டு உண்டு. தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் யுகாதி, பங்குனி அமாவாசை கழிந்த பிரதமையில். மற்றவர்களுக்குச் சித்திரை முதல் நாள். வாளையாறு தாண்டினால் விஷு. சூரியன் ராசி மாறுவது எல்லோருக்கும் ஒன்றுதான், நாள் குறிக்கும் விதிதான் வேறு. அஸ்தமனத்துக்கு முன் சங்கராந்தி வந்தால் நமக்கு அன்றே மாதப் பிறப்பு. கேரள வழக்கில் பகல் 18 நாழிகைக்குள் வந்தால்தான் அன்று, தாண்டினால் மறுநாள். மதியம் ஒன்றரைக்கும் மாலை ஆறுக்கும் நடுவே சங்கராந்தி விழும் மாதங்களில் நம் தேதியும் பாலக்காட்டுத் தேதியும் ஒன்று தள்ளி நிற்கும். என் பக்கங்களில் ஓரத்தில் மலையாளத் தேதியும் எழுதுகிறேன், எங்கள் சொந்தம் பாதி அந்தப் பக்கம்.

இப்போது

திதி, நட்சத்திரம், யோகம், கரணம் நான்கும் எங்கள் உதயத்துக்கு வந்துவிட்டன. தியாஜ்ஜியம் (விலக்க வேண்டிய நேரம்) பாதி. மார்கழிப் பக்கத்தில், மழையை முன்கூட்டிச் சொல்லப் பார்க்கும் கர்ப்போட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். சூரியன் பூராடத்தில் இருக்கும் அந்தப் பதினான்கு நாளில் மேகம் எந்தப் பக்கம் ஓடியது என்று நாள்வாரியாகக் குறித்து, அடுத்த மழைக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கிரகங்களைத் தொடவில்லை. சனிப் பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி. சந்திரனுக்குச் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது, சனியின் வாக்கியங்களைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சனி மெதுவாக நகர்வதால் மாதம் ஒரு முறை பக்கத்து நட்சத்திரங்களோடு வைத்து அதன் இடத்தைக் குறித்தாலே போதும். மூலைமட்டத்தின் குறுக்குச் சட்டத்தை இரண்டடிக்கு நீட்டித் தரச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன்.