எத்தனை கோழியில் தொடங்குவது: என் பத்து மாதக் கணக்கு

கோழி வளர்க்கலாம் என்று முடிவானதுமே கூண்டுக்கு அளவெடுக்கப் போனேன். எத்தனை கோழி என்று தெரியாமல் கூண்டை எப்படி அளப்பது? அதனால் முதல் இரண்டு வாரமும் நோட்டும் பேனாவுமாகவே போயின.

எங்கள் வீட்டில் வாரத்துக்கு 15 முட்டை செலவாகும். நன்றாக இடுகிற கோழி வாரத்துக்கு 5 முட்டை தரும். சரி, 3 கோழி போதும் என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். அப்புறம் யோசித்தால் அந்த 5 என்பது நல்ல மாதத்தின் கணக்கு. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. ஓடு கட்டுவதற்கே அதில் 20 மணி நேரம் போய்விடும். அதனால் இன்று காலையில் இட்ட கோழி நாளைக்குக் கொஞ்சம் பிந்தி இடும், மறுநாள் இன்னும் பிந்தும், ஒரு நாள் இடாமலே விட்டுவிடும். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் முட்டை குறையும். ஆண்டுக்கொரு தரம் இறகு உதிரும்போது இரண்டு, மூன்று மாதம் நின்றே போகலாம். அடை படுத்துவிட்டால் அந்த நாட்களும் போச்சு. எல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு கோழிக்கு வாரம் 4 முட்டை என்று திருத்திக்கொண்டேன். 3 கோழி 4 ஆனது.

முட்டைக்காக மட்டும் நான்கு என்று வைக்கவில்லை. கோழி கூட்டமாக வாழ்கிற உயிர். இரண்டு வாங்கி ஒன்று செத்துப்போனால் மிச்சமிருப்பது தனியாகக் கத்திக்கொண்டு நிற்கும். நான்கில் ஒன்று போனாலும் மூன்று இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்றிரண்டில் தொடங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

கூண்டை மட்டும் ஆறு கோழிக்குக் கட்டினேன். உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி என்று 24 சதுர அடி. வெளியே வலையடித்த முற்றம் கோழிக்கு 10 சதுர அடி வீதம் 60. இரவில் அடைவதற்கான கழி 5 அடி நீளம், கோழிக்கு 10 அங்குலம் வரும். முட்டையிட இரண்டு பெட்டி வைத்தேன். இன்றுவரை எல்லாக் கோழிகளும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கின்றன.

எட்டு வாரக் குஞ்சுகளாக நான்கும் வந்தன. நான்குமே பெட்டை என்று சொல்லித்தான் விற்றார்கள். பதினான்காவது வாரத்தில் ஒன்று விடியற்காலையில் கழுத்தை நீட்டி, உடைந்த குரலில் கூவியது. அதற்கு முன்பே அதன் கொண்டை சிவந்திருந்தது, நான்தான் சீக்கிரம் முட்டையிடப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் வேண்டும். இடம் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஆக, என் நான்கு மூன்றானது.

இருபத்திரண்டாவது வாரம் முதல் முட்டை. இரண்டு நாளாகவே அந்தக் கோழி, முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு பதுங்கியது. பெட்டிக்குள் கை விட்டபோது முட்டை சூடாக இருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு மங்கிக் காய்ந்தது. ஓட்டின் மேல் மெல்லிய ரத்தக் கீற்று ஒன்று. முதல் முட்டைகளில் அது இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை.

மூன்றும் இடத் தொடங்கியபின் வாரத்துக்கு 15, 16 என்று வந்தது. முதலில் எழுதிய கணக்கே சரிதானோ என்றுகூடத் தோன்றியது. ஏழாவது மாதம் ஒன்று அடை படுத்தது. பெட்டியை விட்டு எழவில்லை, கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. கருவில்லாத முட்டை மேல் 21 நாள் இல்லை, எத்தனை நாள் படுத்தாலும் குஞ்சு வராது. அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீவனமும் தண்ணீரும் வைத்து நான்கு நாள் விட்டதும் அடை தெளிந்தது. ஆனால் திரும்ப முட்டையிட இன்னும் பல நாள் ஆனது. அந்த மாதம் வாரத்துக்கு 9 முட்டைதான்.

அப்போதுதான் இரண்டு விடைக்கோழிகளை, அதாவது இளம் பெட்டைகளை, சேர்க்க முடிவு செய்தேன். நான்கில் ஒன்றுதானே குறைந்தது, ஒன்று வாங்கினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டரப்-எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்தார். புதிதாக வருவது ஒன்றே என்றால் கொத்தெல்லாம் அதன் மேல்தான் விழும். இரண்டாக வந்தால் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும்.

மூன்று வாரம் தனியே வைத்து நோய் ஏதும் இல்லை என்று பார்த்தேன். அடுத்த ஒரு வாரம் நடுவில் வலை. அப்புறம் ஒரு இரவு, பழையவை அடைந்தபின் இரண்டையும் தூக்கிக் கழியில் விட்டேன். தீவனத் தட்டும் தண்ணீரும் கண்ணுக்கு மறைவாக இன்னொரு மூலையிலும் வைத்தேன். இதைச் செய்யாவிட்டால் புதியவை பட்டினிதான் கிடக்கும். மறுநாளிலிருந்து பழைய கோழிகளில் பெரியது கழியின் நடுவில் நின்றுகொண்டு ஏற விடவில்லை. நான்கு இரவு இரண்டும் தரையில் மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கின. ஐந்தாம் இரவு கழியின் கடைசி ஓரத்தில் ஏறிக்கொண்டன. நாலு கோழி அளவுக்கு மட்டும் கழி வைத்திருந்தால் அந்த ஓரம் இருந்திருக்காது.

தீவனம் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம். ஐந்துக்கும் மாதம் 18 கிலோ. எச்சம் வழிப்பது காலையில் பத்து நிமிடம். மூன்று இருந்தபோது ஐந்து நிமிடம்தான்.

இந்த வாரம் 21 முட்டை. எங்களுக்கு ஆறு அதிகம். பழைய மூன்றுக்கும் இறகு உதிரும் காலம் வருகிறது, அப்போது இந்தப் புதியவை இரண்டும்தான் இடும். நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்தும் கழியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, ஓரத்தில் ஒரு கோழிக்கு இடம் காலியாக இருந்தது. அதை இப்போதைக்கு நிரப்பப் போவதில்லை.