ரோஸ் கலர் பிளாஸ்மா

ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளக்கும் பணி எனக்கு வந்தது. சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே கொண்ட இந்த மூலக்கூறுகள் தாமாகப் புரதம் எதையும் உருவாக்குவதில்லை; புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.வின் மேல் பொருந்தி அதை அடக்கிவைக்கின்றன. இவை இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் சிதையாமல் நிலைத்திருக்கின்றன என்று 2008இல் ஆய்வுகள் காட்டியதிலிருந்து, ஒரு குழாய் இரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் துறையில் பரவியிருந்தது. எனக்கும் அது இருந்தது.

முதல் தொகுதி முடிவுகள் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டன. 486-5பி என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயாளிகளிடம் மிகுந்தும் நலமானவர்களிடம் குறைந்தும் இருந்தது. பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பைச் சரிசெய்ய, வழக்கப்படி ஒரு புழுவின் மைக்ரோ ஆர்.என்.ஏ-39ஐயும் ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்திருந்தேன். ஆகவே ஐயம் எழவில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். பல ஆண்டுகள் அனுபவமுள்ள எங்கள் டெக்னீசியன் மிச்சமிருந்த குழாய்களை அடுக்கிக்கொண்டே, "நோயாளிகளுடையது மட்டும் ரோஸ் கலராக இருக்கிறதே, மேடம்?" என்றார்.

பிளாஸ்மா வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்தால்தான் அது சிவக்கும். அந்தச் சிவப்பணுக்களுக்குள் 451ஏ, 16, 486 ஆகிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாக உள்ளன. 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தேன். 23ஏ, 451ஏ ஆகியவற்றின் சி.டி. மதிப்புகளுக்கு (பி.சி.ஆர். சோதனையில் மூலக்கூறு தென்படத் தொடங்கும் சுழற்சி எண்) இடையிலான வேறுபாட்டையும் பார்த்தேன். 5க்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, 7ஐத் தாண்டினால் இரத்தம் உடைந்திருக்கிறது என்பது கணக்கு. நோயாளிகளின் மாதிரிகளில் பெரும்பாலானவை தாண்டியிருந்தன. நலமானவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் சக ஊழியர்கள். அவர்களுடைய இரத்தம் அரை மணி நேரத்துக்குள் மையவிலக்கியில் சுழன்றுவிட்டது. வார்டில் காலையில் எடுத்த இரத்தமோ மதியம்வரை மேசையில் கிடந்தது. என் வரைபடத்தில் பிரிந்து நின்றவை காத்திருந்த குழாய்களும் காத்திராத குழாய்களும்தான்.

அதன் பிறகு நான் எபிஜெனெடிக் பக்கம், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல் அதன் மேல் ஏறும் குறிகளின் பக்கம், திரும்பினேன். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மரபணு உண்டு. அதன் தொடக்கப் பகுதியில், குவானின் என்னும் எழுத்தை அடுத்துக்கொண்ட சைட்டோசின் எழுத்துகளின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகள் நெருக்கமாக ஏறிவிட்டால், எழுத்து மாறாமலேயே மரபணு அடங்கிவிடும். மெத்தில் ஏற்றும் நொதிகளையே மைக்ரோ ஆர்.என்.ஏ-29 குடும்பம் அடக்குகிறது என்பது, யார் யாரை ஆள்கிறார்கள் என்று சொல்ல முடியாத வீட்டை எனக்கு எப்போதும் நினைவூட்டும். பெருங்குடல் புற்றில் இப்படி 124ஏ அடங்கிவிட, அது கட்டுப்படுத்திவந்த, செல் பிரிவைத் தூண்டும் சி.டி.கே.6 என்னும் புரதம் தலைதூக்குகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இரைப்பையில் நிலைமை இன்னும் சுவையானது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் தொற்று, புற்றாகாத சளிச்சவ்விலேயே 124ஏ மரபணுக்களின் மேல் மெத்தில் குறிகளை விட்டுச்செல்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். தொடக்கநிலைப் புற்றை எண்டோஸ்கோப் வழியே அகற்றிக்கொண்டவர்களைப் பல மருத்துவமனைகளில் தொடர்ந்து கவனித்து 2015இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோயற்றதாகத் தெரியும் சவ்வில் இக்குறிகள் மிகுந்திருந்தவர்களுக்கு மீண்டும் புற்று வரும் அபாயம் அதிகமாக இருந்தது.

எனக்குப் பிடித்தது அளவையின் தன்மை. பைசல்ஃபைட் என்னும் வேதிப்பொருளை இட்டால் குறியில்லாத சைட்டோசின் யுராசிலாக மாறும், குறியேறியது மாறாது. ஆகவே ஒரே மரபணுவின் பிரதிகளில் எத்தனை பங்கு குறியேறியவை என்று எண்ணினால் போதும், வெளியிலிருந்து ஓர் ஒப்பீடு தேவையில்லை. ஆனால் வினை முழுமையடையாவிட்டால் குறியில்லாததும் குறியேறியதாகவே தோன்றும், டி.என்.ஏ.வும் துண்டுதுண்டாகும். அதற்கு மேல், எண்டோஸ்கோப்பை விழுங்கச் சம்மதிக்கும் நோயாளியும் வேண்டும்.

இரத்தச் சோதனையை நான் முற்றாகக் கைவிடவில்லை. விதைப்பையின் கருவணுக் கட்டிகளில் 371ஏ-3பி நன்கு உதவுவதற்கு ஒரு காரணம், நலமான ஆண்களின் இரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லை என்பது. சிவப்பணுவில் கொட்டிக் கிடக்கும் ஒன்றை நான் தேர்ந்திருக்கக் கூடாது. இப்போது வார்டுக்கு அனுப்பும் படிவத்தில் இரத்தம் எடுத்த நேரம், சுழற்றிய நேரம் என இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். முதல் மாதம் அவை பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பி வந்தன.