நிற்காத கை

கடந்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, இரவுப் பணி முடிந்து காரில் ஏறி உட்கார்ந்தபோது கைப்பேசியில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு செய்தி. நம் சிஹிங் ஒருவர், அதாவது சிஃபு என்று நாங்கள் அழைத்த குருவிடம் எனக்கு முன்பே கற்ற அண்ணன், அனுப்பியிருந்தார். "சிஃபு போய்ட்டாருப்பா. தூக்கத்துலயே." அவ்வளவுதான். மெல்பர்னில் அப்போது நல்ல வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காரை எடுக்காமல் அங்கேயே வெகு நேரம் இருந்தேன்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் 25ஆம் ஆண்டு மலருக்கு விளையாட்டுப் போட்டி நாள்களைப் பற்றி எழுதும்படி குழுவினர் கேட்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. இந்த ஆண்டு என் கை வேறொன்றை எழுதத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரவேலைக் கூடத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அந்த வாசனை யாருக்கும் போயிருக்காது. செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்து மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் கிடக்கும் இழைப்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவோம். கடைசி மணி அடிக்கும்வரை அந்தச் சீன வாத்தியார் எங்களுக்கு 'சார்'. மணி அடித்த பிறகு 'சிஃபு'. அந்த மாற்றத்தில் யாரும் ஒரு நாளும் தவறியதில்லை. நம் தமிழ் மொழிக் கழகத்திலிருந்து அங்கே போனவர்கள் நாங்கள் ஆறு பேர்தான் என்பதால், உங்களில் பலருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது.

அவர் கற்றுக்கொடுத்தது விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலை. இளைஞராக இருந்தபோது வேலைக்காக ஹாங்காங் போய், அங்கே யிப் மானின் மாணவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் கற்றவர். யிப் மான் யாரென்று அன்று எங்களுக்குத் தெரியாது. புரூஸ் லீயைத் தெரியும். முடிவெட்டும் கடைகளில் எல்லாம் அவர் படம்தான். அந்த புரூஸ் லீ பையனாக இருந்தபோது விங் சுன் கற்றது யிப் மானிடம் என்று சிஃபு சொன்ன அன்றே நான் சேர்ந்துவிட்டேன். 1978, இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்று. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்து, மலாய் பேசவே நாக்கு கூசிக்கொண்டிருந்த காலம். யாராவது என்னைத் தொட்டால் திருப்பி அடிக்கத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் ஆறு மாதம் அடிக்கவே விடவில்லை. முழங்காலை உள்ளே அழுத்தி, ஆட்டுக்குட்டியைத் தொடைகளுக்கிடையே பிடித்திருப்பவன்போல் நிற்க வேண்டும். சியூ நிம் தாவ் என்ற முதல் அசைவு வரிசையை நின்ற இடத்திலேயே செய்ய வேண்டும். 'சிறு எண்ணம்' என்று அதற்குப் பொருள். அதன் முதல் பகுதியில் 'தான் சாவ்' என்ற அசைவு வரும். 'சாவ்' என்றால் கை. உள்ளங்கை மேல் நோக்க, முழங்கை உடம்பிலிருந்து மூடிய கை அளவு தூரத்தில், கை அங்குலம் அங்குலமாக முன்னே போக வேண்டும். அப்புறம் மணிக்கட்டு மடிந்த ஃபுக் சாவ் மூன்று தடவை, புத்தரை மும்முறை வணங்குவது என்பார்கள். அதை அரைமணி நேரம் இழுத்துச் செய்யச் சொல்வார். தோள் எரியும்.

பொங் சாவ் அந்த வரிசையின் கடைசிப் பகுதியில்தான் வரும். 'பொங்' என்றால் மேற்கை. சிலர் சிறகு என்றும் சொல்வார்கள். முழங்கை தோள் உயரத்துக்கு எழும். மணிக்கட்டு அதைவிடத் தாழ்ந்து, மார்புக்கு நேரே நடுக்கோட்டில் நிற்கும். உள்ளங்கை வெளியே திரும்பியிருக்கும். விரல்கள் தளர்ந்து தொங்கும். பார்த்தால் அடிபட்ட கோழியின் இறக்கை மாதிரி இருக்கும். இதில் என்ன தற்காப்பு என்று நினைத்தேன்.

சிஃபு தண்ணீர் போத்தலை எடுத்து வந்து என் முழங்கையில் ஊற்றினார். தண்ணீர் முன்கை வழியாக ஓடி விரல் நுனியில் சொட்ட வேண்டும். என் மணிக்கட்டு உயர்ந்திருந்ததால் அது திரும்பி அக்குளுக்குள் ஓடி, சட்டையெல்லாம் நனைந்தது. மறுபடி ஊற்றினார். அன்று மூன்று போத்தல் காலி.

வீட்டில் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முடித்து வந்து படுத்திருந்த அப்பா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோடு சாஞ்சிருந்தாத்தாண்டா பாலு மங்குக்குப் போகும். மட்டமா வெட்டினா வழிஞ்சி வீணாப் போயிரும்." வாழ்நாளில் ஒரு சண்டைகூடப் போடாத மனுஷர். அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. மறுநாள் சிஃபுவிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, அதற்குப் பிறகு வந்த தோட்டத்துப் பையன்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு ரப்பர் மரத்தைச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் கையை ஏன் சரிவாக வைக்கிறோம் என்றால், வரும் குத்தை நிறுத்த அல்ல. நிறுத்தினால் பலசாலிதான் ஜெயிப்பான். குத்து சரிவில் வழுக்கி, நம்மைத் தாண்டிப் போக வேண்டும். கையோடு இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும், அது இரண்டாவது வரிசையான சம் கியூவில்தான் வரும். முழங்கை மடிப்பு செங்கோணத்துக்குச் சுருங்கிவிட்டால் கை அப்படியே நம் மார்பில் நொறுங்கி விழும். தோள் தூக்கினாலும் அதே கதி. எல்லாம் சரியாக இருந்தாலும் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. முழங்கை மேலே இருக்கும்போது விலா திறந்து கிடக்கும். அதனால்தான் இன்னொரு கை வூ சாவாக மார்பருகே காவல் இருக்கும். அதனால்தான் 'பொங் சாவ் நிற்காது' என்று விங் சுன்காரர்கள் சொல்வார்கள். எழுந்த மறுகணம் அது 'தான் சாவ்' ஆக, இல்லையென்றால் எதிராளியின் கையைப் பிடித்து இழுக்கும் லாப் சாவாக மாறியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் கண்ணாடி முன்னால் அந்தக் கையைத் தூக்கி நிறுத்தி அழகு பார்ப்பதை மட்டும் விடவில்லை.

1981 மே 16, ஆசிரியர் தினம். மண்டபம் நிறைந்திருந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஒருவேளை சிரித்தும் இருப்பீர்கள், அதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. மேடையில் சிஃபுவும் நானும். அவர் குத்துவார், நான் பொங் சாவ் எழுப்பித் திருப்பி அடிப்பேன் என்று ஒத்திகை. அவர் எதிரே வந்து நின்றதும், அவர் கை அசைவதற்கு முன்பே நான் முழங்கையைத் தூக்கிவிட்டேன். மண்டபத்தில் கைதட்டல். நான் அப்படியே நின்றேன், படத்துக்கு நிற்பதுபோல.

அவர் குத்தவில்லை. இடது உள்ளங்கையை என் முழங்கையில் வைத்து மெதுவாகத் தள்ளினார். என் கையே என் மார்பைப் பூட்டிக்கொண்டது. இரண்டடி பின்னால் தடுமாறி மேடையில் உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் சிரிப்பாக மாறியது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னார், ஆனால் ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தது. "தம்பி, யாரும் அடிக்கலையே. கை எதுக்கு?"

அந்தத் தமிழ் முழு மண்டபத்துக்கும் கேட்டது.

மூன்று மாதம் நான் மரவேலைக் கூடத்துப் பக்கம் போகவில்லை. அவர் பாடம் நடக்கும்போது தலை நிமிரவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை என்னையறியாமல் கால் அங்கே போனது. பழைய தந்திக் கம்பத்தை அறுத்து அவரே செய்த மர மனிதன், மூன்று கையும் ஒரு காலுமாக மூலையில் நிற்கும் அல்லவா, அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விலகி இடம் விட்டார். எதுவும் பேசவில்லை. நான் அடிக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னோடு அவர் செய்ததெல்லாம் சீ சாவ்தான். இருவர் முன்கைகளும் ஒட்டியபடி உருண்டுகொண்டே இருக்கும். ஒரு கை 'தான்', 'பொங்', 'தான்', 'பொங்' என்று மாறும், எதிராளியின் கை அதன்மேல் ஃபுக்காகப் படிந்திருக்கும். கண்ணில் துணியைக் கட்டிவிடுவார். பார்க்க முடியாதபோது கையில் விழும் அழுத்தம் ஒன்றுதான் செய்தி. என் 'தான் சாவை' அவர் உள்ளே அழுத்தும்போது மட்டுமே பொங் எழ வேண்டும். நான் எழுப்பக் கூடாது, அவர் அழுத்தம் எழுப்ப வேண்டும். காண்டனீஸில் ஒரு வரி சொல்லிக்கொண்டே உருட்டுவார்: "லோய் லாவ், ஹோய் சுங், லட் சாவ் ஜிக் சுங்." வருவதை இருத்திக்கொள், போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய். எனக்கு அப்போது கடைசிப் பாதிதான் பிடித்திருந்தது.

1984 ஜனவரியில் தாதிமைப் பயிற்சிக்கு இங்கே புறப்பட்டேன். ஈப்போ ரயில் நிலையத்தில் அப்பா, அம்மா, அக்கா, தோட்டத்தில் பாதிப் பேர். இரவு ரயில். சிஃபு பள்ளிச் சட்டையோடு தனியாக ஒரு தூண் பக்கத்தில் நின்றிருந்தார். நான் கிட்டப் போனதும் கும்பிடவிடாமல் என் இரண்டு முன்கைகளையும் தன் கைகளின் மேல் எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவில் இரண்டு சுற்று உருட்டினார். "ஹோய் சுங்" என்றார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அம்மா, "அந்தச் சீன வாத்தியாருக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டார்.

2003இல் ஒரு குளிர்கால இரவு. எண்பது வயதைத் தாண்டிய நோயாளி ஒருவர், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், அதிகாலை மூன்று மணிக்கு எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் விழித்துவிட்டார். நான் குனிந்து அவருடைய சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு குத்து வந்தது. அது என் முன்கையைத் தொட்டதும் முழங்கை தானாக எழுந்தது. இடுப்பு திரும்பியது. அவர் கை என் காதுக்கு வெளியே வழுக்கிப் போனது. போன வேகத்தில் அவர் கட்டிலிலிருந்து விழாதபடி என் உள்ளங்கை மேல் நோக்கித் திரும்பி அவர் முழங்கைக்குக் கீழே ஏந்தியிருந்தது. 'பொங்'கிலிருந்து 'தான்'. நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அவர் மனைவி பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். அந்தக் கையை அப்படியே பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்கும் வலிக்கவில்லை, எனக்கும் வலிக்கவில்லை. 22 வருடம் கழித்து அன்றுதான் அந்த மேடைக் கேள்வியின் பொருள் எனக்குள் இறங்கியது. எதிரே ஒரு விசை இல்லாமல் அந்தக் கைக்கு உருவமே கிடையாது. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் சொன்னது சரி. அதை ஒரு பதினேழு வயதுப் பையனிடம் மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. இரண்டையும் நான் இன்றும் நம்புகிறேன்.

அந்த இரவைப் பற்றி அவருக்கு எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். எழுதவில்லை. அதற்குப் பிறகு நான்கு முறை ஈப்போ போனேன். அப்பாவின் காரியம், அக்கா மகள் கல்யாணம், இரண்டு முறை சும்மா. ஒவ்வொரு முறையும் நாள் போதவில்லை. ஒரு தடவை அவர் வீட்டுத் தெருமுனையில் கோப்பி குடித்துவிட்டு, மாலையில் வரலாம் என்று கிளம்பினேன். மாலையில் மழை.

செய்தி வந்த அன்று இரவு, யிப் மான் 1972இல் இறப்பதற்குச் சற்று முன்பு அவர் வீட்டில் எடுத்த படச்சுருளை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். ஒலி இல்லாத படம். மெலிந்த முதியவர் ஒருவர் வரிசையைச் செய்கிறார். 1949இல் ஃபோஷானை விட்டு ஹாங்காங் வந்தவர், மறு ஆண்டு உணவக ஊழியர் சங்கத்தில் பிழைப்புக்காகக் கற்பிக்கத் தொடங்கியவர். அவர் அந்த ஊரை விட்டு வராதிருந்தால் எங்கள் மரவேலைக் கூடத்தில் எதுவும் நடந்திருக்காது. படத்தில் பொங் சாவ் வரும் இடத்தை நிறுத்திப் பார்க்க முயன்றேன். எங்கே நிறுத்தினாலும் கை தெளிவாகத் தெரியவில்லை, ஒன்று எழுந்துகொண்டிருந்தது, இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சிஃபுவின் மனைவி சிமோவைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும், "ரப்பர் மரத்துத் தம்பியா?" என்று மலாயில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், வராததற்கு. அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அவருக்கு என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஆசிரியர் தினத்தன்று வீட்டுக்கு வந்து சிஃபு சாப்பிடவில்லையாம். மைக் பக்கத்தில் இருந்தது தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்த மேடையிலும் அவர் செய்து காட்டியதில்லை. பள்ளியில் எத்தனையோ முறை கேட்டும் மறுத்துவிட்டார். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும், எல்லோரும் போன பிறகும் கூடத்தைப் பூட்டாமல் ஆறரை வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம்.

எனக்கு இது தெரியாது. பள்ளிப் பேருந்து நாலே முக்காலுக்கே புறப்பட்டுவிடும்.